ஒரு நாளைக்கு ஒன்று போதும்: காலை வழிபாட்டுக் குறிப்பு தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியத் தோழர்களே,

வணக்கம். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கான குறிப்பை இரவோடு இரவாகத் தட்டச்சு செய்து, வாட்ஸ்ஆப் குழுக்களில் போட்டுவிட்டுத்தான் நீங்கள் தூங்கப்போகிறீர்கள். திருக்குறள், அதன் பொருள், பழமொழி, இரண்டொழுக்கப் பண்புகள், பொன்மொழி, பொது அறிவு, நீதிக்கதை, இன்றைய செய்திகள், அப்புறம் இன்றைய நாளின் சிறப்பு. இதற்கென்று உங்களுக்கு யாரும் ஒரு ரூபாய் தருவதில்லை. ஆனாலும் எங்கோ ஒரு மலைக்கிராமத்து ஈராசிரியர் பள்ளியில் காலையில் மணியடித்ததும் உங்கள் குறிப்புதான் வாசிக்கப்படுகிறது. சமூக அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குழுவிலிருந்து என்னை நீக்க யாருக்கும் தோன்றாததால் இன்றும் தினமும் அது என் கைப்பேசிக்கு வந்துகொண்டிருக்கிறது. விடாமல் படிக்கிறேன். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம்.

மற்ற பகுதிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. கடைசியில் வரும் ‘இன்றைய நாளின் சிறப்பு’ பற்றி மட்டும் பேச வேண்டும். அதிலும் ஜூலை 21 முதல் 31 வரையான நாட்களைப் பற்றி. பள்ளி திறந்த பரபரப்பு அடங்கி, காலாண்டுத் தேர்வுப் பயம் இன்னும் வராத காலம் இது. வரலாற்று ஆசிரியருக்கு இதைவிட வளமான பதினொரு நாட்கள் வருடத்தில் அதிகம் கிடையாது. அதை நாம் பெயரும் ஆண்டுமாக அடுக்கி வீணாக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது என் வருத்தம்.

ஜூலை 23ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வரும் குறிப்பு இப்படி இருக்கும்: பால கங்காதர திலகர் பிறந்த நாள், 1856. சந்திரசேகர ஆசாத் பிறந்த நாள், 1906. சுப்பிரமணிய சிவா நினைவு நாள், 1925. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மைக் முன்னால் நின்று ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிடுவாள். வெயிலில் நிற்கும் பிள்ளைகளுக்கு மூன்று பெயர், மூன்று எண். எதுவும் மனதில் தங்காது. தங்கினால்தான் ஆச்சரியம்.

இத்தனைக்கும் இந்த மூன்றில் இரண்டு பெயர்கள் ஒரே கதையைச் சேர்ந்தவை. 1908 மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் ஊரே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜூலை 7ஆம் தேதி தீர்ப்பு: வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, சிவாவுக்குப் பத்தாண்டு. மேல்முறையீட்டில் அது குறைந்தது. இவர்கள் யாரைத் தலைவராக நினைத்தார்களோ அந்தத் திலகருக்கும் அதே மாதம் 22ஆம் தேதி பம்பாயில் தேசத்துரோக வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆறாண்டுச் சிறை, பர்மாவின் மாண்டலேயில். விடிந்தால் அவருக்குப் பிறந்த நாள். பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். பதினைந்து நாள் இடைவெளியில் தாமிரபரணிக் கரையிலும் அரபிக் கடலோரத்திலும் ஒரே குற்றச்சாட்டு, ஒரே மாதிரி தீர்ப்பு.

சிவாவின் பிற்பகுதி இதைவிடக் கனமானது. சிறையில் அவருக்குத் தொழுநோய் வந்தது. வெளியே வந்த பிறகு, தொழுநோயாளி என்று காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்றார்கள். கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23 அன்று உயிர் பிரிந்தபோது அவருக்கு வயது நாற்பது. இதை மூன்று நிமிடத்தில் சொல்லலாம். ஆசாத் அடுத்த ஆண்டு வரட்டும். ஒன்றும் குடி முழுகிப்போகாது.

அதே ஜூலை 23க்குத் திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிகளுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1999இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த தங்கள் ஆட்களை விடச் சொல்லியும் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். காவல்துறையின் தடியடிக்குத் தப்பி ஆற்றுக்குள் ஓடியவர்கள் உட்பட 17 பேர் இறந்தார்கள், ஒரு கைக்குழந்தையும் சேர்த்து. ஆண்டுதோறும் அந்தக் கரையில் மக்கள் மலர் தூவுகிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் பேருந்து ஜன்னலிலிருந்து அதைப் பார்க்கிறார்கள். என்ன ஏது என்று கேட்டால் பதில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அடுத்து, தவறுகள். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜூலை 31 அன்று வரும் குறிப்பில் ஒரு வரி ஆண்டு தவறாமல் வருகிறது: ‘ஜாலியன்வாலா பாக் படுகொலை நடத்திய ஜெனரல் டயரைச் சுட்டுக் கொன்ற உத்தம் சிங் தூக்கிலிடப்பட்ட நாள்.’ தூக்கிலிடப்பட்ட நாள் சரி: 1940 ஜூலை 31, லண்டன் பென்டன்வில் சிறை. சுடப்பட்டவர்தான் வேறு ஆள். 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் உத்தம் சிங் சுட்டது மைக்கேல் ஓட்வயரை. 1919இல் பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்தவர் அவர். படுகொலையை நியாயப்படுத்தியவர். சுடச் சொல்லி உத்தரவிட்ட ரெஜினால்ட் டயர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1927இல், இங்கிலாந்தில் நோய்வாய்ப்பட்டு வீட்டில் செத்துப்போனான். தேதியைக் கேட்டால் உங்களுக்கே தூக்கிவாரிப்போடும்: ஜூலை 23. நம் சுப்பிரமணிய சிவா இறந்து சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே நாளில்.

பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் வந்த குழப்பம் இது. சின்ன விஷயம்தானே என்று விட்டுவிட முடியவில்லை. டயரைப் பழிவாங்கிவிட்டார்கள் என்று பிள்ளைகள் நம்பினால், டயருக்கு உண்மையில் என்ன ஆனது என்பது அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். விசாரணைக் குழு கண்டித்தது, ராணுவப் பதவி போனது, ஆனால் பிரிட்டனில் ஒரு பத்திரிகை அவருக்காக நிதி திரட்டி 26,000 பவுண்டுக்கு மேல் கொடுத்தது. தண்டனை என்று எதுவும் இல்லை. அந்தப் பகுதிதான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் வயிற்றைக் கலக்கும். உத்தம் சிங் தன்னை ‘ராம் முகமது சிங் ஆசாத்’ என்று சொல்லிக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பெயரில் எத்தனை மதங்கள் இருக்கின்றன என்று பிள்ளைகளே எண்ணிக்கொள்வார்கள்.

தவறு எப்படிப் பரவுகிறது என்பது உங்களுக்கே தெரியும். போன ஆண்டுக் குறிப்பைத் திறந்து, கிழமையை மாற்றி, மறுபடி அனுப்புகிறோம். யாரோ ஒருவர் எப்போதோ அவசரத்தில் அடித்தது நூறு குழுக்களுக்குப் போய், அங்கிருந்து திரும்பி நம்மிடமே ஆதாரமாக வந்து நிற்கிறது. உங்களில் நாலைந்து பேர் ஒன்று சேர்ந்து, ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பாடநூலையோ கலைக்களஞ்சியத்தையோ வைத்துச் சரிபார்த்தால் போதும். பத்து வரியைச் சரிபார்க்க நேரம் இருக்காது. ஒரே ஒரு வரி என்றால் முடியும். ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று நான் சொல்வதற்கு இது பெரிய காரணம்.

தேதி என்பதே பேசத் தகுந்த பொருள் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். மனிதன் நிலவில் கால் வைத்தது ஜூலை 20, 1969 என்று எல்லாக் குறிப்பிலும் இருக்கிறது. அது அமெரிக்கக் கணக்கு. அப்போலோ 11இன் ‘ஈகிள்’ தரையிறங்கியபோது இந்திய நேரம் ஜூலை 21 அதிகாலை 1.47. ஆம்ஸ்ட்ராங் கால் பதித்தபோது 8.26. நம் ஊரில் அது திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். இதை ஜூலை 21 அன்று சொல்லி, கிரீன்விச் நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினால், புவியியல் பாடத்தில் தீர்க்கரேகை அப்புறம் பயமுறுத்தாது. மறுநாள் 22ஆம் தேதிக்குச் சந்திரயான்-2 தயாராக இருக்கிறது. 2019 ஜூலை 15 அதிகாலையில் கிளம்ப வேண்டியது. புறப்பட 56 நிமிடம் இருக்கும்போது கோளாறு கண்டு நிறுத்தினார்கள். ஒரே வாரத்தில் சரிசெய்து 22ஆம் தேதி பிற்பகல் 2.43க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினார்கள். செப்டம்பரில் தரையிறங்கு கலம் தொலைந்தது. 2023இல் சந்திரயான்-3 இறங்கியது. கிளம்பாத நாளையும் சேர்த்துச் சொன்னால்தான் கிளம்பிய நாளுக்கு மதிப்பு. அதே 22ஆம் தேதிதான் 1947இல் அரசியல் நிர்ணய சபை மூவண்ணக் கொடியை ஏற்றுக்கொண்டது. அந்த நாள் திங்கட்கிழமையாக அமைந்து பள்ளியில் கொடியேற்றமும் இருந்தால் சந்திரயானை விட்டுவிட்டுக் கொடியைப் பேசுங்கள்.

தேதிக் குழப்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது தீரன் சின்னமலை. 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் வெள்ளையர்கள் அவரைத் தூக்கிலிட்டார்கள். அன்று ஆடிப்பெருக்கு. 2005இல் அஞ்சல்துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது ஜூலை 31இல். ஆனால் தமிழ்நாடு அரசு கிண்டியில் உள்ள அவர் சிலைக்கு மாலை போடுவதும், ஓடாநிலையில் கூட்டம் கூடுவதும் ஆடி 18 அன்று. அது இப்போது ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் தேதி வருகிறது. எது சரி என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டும் சரிதான். நம் சூரிய ஆண்டு நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்படுவது, ஆங்கில ஆண்டைவிட மிக மிகச் சற்றே நீளமானது. அந்தச் சில நிமிட வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து, சுமார் எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்று தமிழ் மாதம் ஆங்கில நாட்காட்டியில் தள்ளிப்போகிறது. இருநூறு ஆண்டில் இரண்டு மூன்று நாள். சின்னமலை காலத்தில் ஜூலை கடைசியில் வந்த ஆடிப்பெருக்கு இன்று ஆகஸ்டுக்குள் வந்துவிட்டது. கணித ஆசிரியரையும் கூட்டிக்கொள்ளுங்கள், அவருக்கும் ஒரு நாள் மேடை கிடைக்கட்டும்.

ராஜேந்திர சோழனுக்கு இன்னும் வேடிக்கை. அவன் பிறந்த நட்சத்திரம் ஆடித் திருவாதிரை. கங்கைகொண்ட சோழபுரத்தில் அரசு விழா எடுக்கிறது. 2022இல் அது ஜூலை 26, 2025இல் ஜூலை 23. நிலவின் ஓட்டத்தைப் பொறுத்தது என்பதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு குதிக்கும். சில ஆண்டுகள் ஆகஸ்டுக்கே போய்விடும். இதை உங்கள் நிரந்தரக் கோப்பில் ஒரு தேதி போட்டுப் பூட்டிவைக்காதீர்கள். அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதுங்கள்.

26ஆம் தேதி கார்கில். அதை எல்லாப் பள்ளிகளும் நன்றாகவே செய்கின்றன. திருச்சிப் பிள்ளைகளிடம் மட்டும் அவர்கள் ஊரில் நினைவிடம் உள்ள மேஜர் சரவணனைப் பற்றிச் சொல்ல மறக்க வேண்டாம்.

27ஆம் தேதிக்கு வருவோம். அப்துல் கலாம் நினைவு நாள். 2015இல் ஷில்லாங்கில் மாணவர்களிடையே பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். இதைச் சொல்லும்போதே பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள், அவ்வளவு பாசம். அதனால்தான் கேட்கிறேன்: அன்று தயவுசெய்து பொன்மொழிகளை விட்டுவிடுங்கள். அவர் பெயரில் உலவும் வாசகங்களில் எது அவர் சொன்னது, எது வேறு யாரோ சொன்னது என்று பிரிக்கவே முடியாத நிலை. அதற்குப் பதிலாக 1979 ஆகஸ்ட் 10ஐச் சொல்லுங்கள். எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் ஏவுதல் தோல்வி. திட்ட இயக்குநர் கலாம்தான். பத்திரிகையாளர்கள் முன் வந்து உட்கார்ந்து தோல்விக்குப் பொறுப்பேற்றவரோ இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று வெற்றி வந்தபோது, நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று கலாமை அனுப்பிவைத்தார். கலாமே பல மேடைகளில் திரும்பத் திரும்பச் சொன்ன நிகழ்ச்சி இது. தலைமையாசிரியர்களும் பக்கத்தில் நின்று கேட்பார்கள் அல்லவா, அது ஒரு கூடுதல் லாபம்.

கலாமின் வெளிச்சத்தில் அதே நாளில் பிறந்த ஒருவர் மங்கிப்போகிறார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, 1876 ஜூலை 27, தேரூர். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அவர் ஒரு பள்ளி ஆசிரியர், நம் ஆள். ஒன்றாம் வகுப்பில் நுழையும் பிள்ளை முதலில் பாடும் பசுவும் கன்றும் பாட்டு அவருடையது. அவர் கல்வெட்டுகளை ஆராய்ந்தவர், காந்தளூர்ச் சாலை பற்றி எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. நாஞ்சில் நாட்டின் மருமக்கள்வழிச் சொத்துரிமையால் (சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை) குடும்பங்கள் படும் பாட்டைக் கிண்டலும் கண்ணீருமாக எழுதியவரும் அவர்தான். தொடக்கப் பள்ளிக்குக் கவிமணி, உயர்நிலைப் பள்ளிக்குக் கலாம் என்று பிரித்து அனுப்புங்களேன். குறிப்பை ஒரே அளவில் எல்லாருக்கும் தைப்பதால்தான் யாருக்கும் பொருந்தாமல் தொங்குகிறது.

28ஆம் தேதிக் குறிப்பில் ‘உலக இயற்கை வளப் பாதுகாப்பு நாள்’ என்று ஒன்று வருகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் பட்டியலில் அப்படி ஒரு நாள் இல்லை. மரம் நடுவதற்கு நாள் தேவையில்லை, நடுங்கள். ஆனால் அதே தேதியில் உலக சுகாதார நிறுவனம் முறைப்படி அறிவித்த ‘உலக கல்லீரல் அழற்சி நாள்’ இருக்கிறது. அது நம் குறிப்பில் ஓரமாகக் கிடக்கிறது. ஏன் ஜூலை 28? கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த அமெரிக்க மருத்துவர் பரூக் ப்ளம்பெர்க் பிறந்த நாள் அது, 1925. அவர் மஞ்சள் காமாலைக்குக் காரணம் தேடிப் போகவில்லை. ஒருவருக்குச் சில நோய்கள் ஏன் எளிதில் வருகின்றன, இன்னொருவருக்கு ஏன் வருவதில்லை என்று அறிய, உலகின் பல பகுதி மக்களின் ரத்தத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புரியாத ஒரு புரதம் தட்டுப்பட்டது. அது அந்த வைரஸின் மேலுறை என்று பிறகு தெரிந்தது. அதிலிருந்து தடுப்பூசி வந்தது. 1976இல் நோபல் பரிசு.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. மஞ்சள் காமாலை என்றதும் நம் பாட்டிமார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் அந்தக் கீழாநெல்லியை ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1988இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த அந்தக் கட்டுரையில் ப்ளம்பெர்க்கும் ஓர் ஆசிரியர். முடிவு நம்பிக்கை தந்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. இரண்டையும் சொல்லுங்கள். முதல் பாதியோடு நிறுத்தினால் அது பெருமை பேசுவது, முழுதும் சொன்னால் அறிவியல் எப்படி நடக்கிறது என்று பிள்ளைக்குப் புரியும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. வீட்டில் தம்பி தங்கையின் தடுப்பூசி அட்டையை எடுத்து அந்த வரியைத் தேடிப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னது சுலபம். இனி சொல்லப்போவதில் உங்களுக்குத் தயக்கம் இருக்கும், அதை நான் மதிக்கிறேன். ஜூலை கடைசி வாரக் குறிப்புகளில் 1983 வருவதே இல்லை. இலங்கையில் அந்த ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 ராணுவ வீரர்கள் இறந்தார்கள். மறுநாள் கொழும்பில் தொடங்கிய வெறியாட்டம் ஒரு வாரம் ஓயவில்லை. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிப் பிடித்து எரித்தார்கள். வெலிக்கடைச் சிறைக்குள் 25ஆம் தேதியும் 27ஆம் தேதியுமாக 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பக்கத்து வீட்டுத் தமிழர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பங்களும் இருந்தன. அந்த ஜூலைக்குப் பிறகுதான் ஆயிரக்கணக்கானவர்கள் படகேறி ராமேசுவரம் வந்தார்கள்.

அவர்களின் பேரப்பிள்ளைகள் மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் பவானிசாகரிலும் முகாம்களில் இருந்துகொண்டு நம் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். உங்கள் குறிப்பு வாசிக்கப்படும்போது வரிசையில் அவர்களும் நிற்கிறார்கள். 1914இல் முதல் உலகப் போர் ஜூலை 28 அன்று ஆஸ்திரியாவால் தொடங்கியது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்கிறோம். அவள் ஏன் இந்த ஊரில் பிறந்தாள் என்பதை மட்டும் சொல்ல மறுக்கிறோம்.

அரசியல் ஆகிவிடும் என்பீர்கள். நடந்ததை மட்டும் சொன்னால் அரசியல் ஆகாது. தொடக்கப் பள்ளிக்கு வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல், சத்தம் போடாமல், யாரையும் மைக்கில் எழுப்பி நிறுத்தாமல் சொல்லலாம். முகாம் பிள்ளைகள் உள்ள பள்ளி என்றால் முதல் நாளே அவர்களைத் தனியே அழைத்து, நாளை இதைச் சொல்லப்போகிறோம், உனக்குச் சரியா என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். 29ஆம் தேதி 1987இன் இந்திய இலங்கை ஒப்பந்தம் என்று ஒற்றை வரி போடுகிறீர்களே, அது எதற்காக வந்தது என்பதும் 1983ஐச் சொல்லாமல் விளங்காது. அதே நாளில் வரும் உலகப் புலிகள் நாளைப் பற்றி எழுத வனத்துறையே சுவரொட்டி தரும். அதற்கு என் யோசனை தேவைப்படாது.

கடைசியாக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இந்தப் பதினொரு நாட்களில் அவருக்கு இரண்டு நாள் இருக்கிறது: 1968 ஜூலை 22 மறைவு, 1886 ஜூலை 30 பிறப்பு. இரண்டு நாளும் ஒரே பத்தி வருகிறது, ‘இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், சமூகப் போராளி’ என்று. 22ஐ விட்டுவிட்டு 30ஐ முழுதாக அவருக்குக் கொடுங்கள். புதுக்கோட்டையில் ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு வந்ததையும், மன்னர் அனுமதி கொடுத்ததையும் சொல்லுங்கள். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். தேவதாசி முறை ஒழிப்புக்காகச் சட்டமன்றத்தில் அவர் வாதாடியதும், அந்தச் சட்டம் நிறைவேற 1947 வரை ஆனதும் உயர்நிலை வகுப்புக்கு. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கியே தீர்த்தார் என்பது எல்லா வகுப்புக்கும்.

பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் புதிதாகவும் இருக்காது. அவர்கள் அம்மாவோ அத்தையோ பிரசவத்துக்குப் போனபோது வாங்கிய அரசு உதவியின் பெயரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்தான். படிவத்தில் பார்த்திருப்பார்கள். யார் அந்த டாக்டர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அரசு மருத்துவமனைகளில் ஜூலை 30ஐ மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதனால் 30ஆம் தேதிக் குறிப்பில் வாழ்க்கைக் குறிப்போடு ஒரு வேண்டுகோளையும் சேர்த்து அனுப்புங்கள்: பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியரை அன்றைய வழிபாட்டுக் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லி. பத்து நிமிடம் அவர் பேசட்டும், பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் அவர் முகாம் வேலை, தடுப்பூசி வேலை என்று வெளியே போய்விடுவார். ஆகவே அந்தக் குறிப்பை மட்டும் 29ஆம் தேதி இரவு வரை வைத்திருக்காமல் ஒரு வாரம் முன்னதாகவே குழுவில் போட்டுவிடுங்கள். 30ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வெள்ளிக்கிழமையே வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு சமூக அறிவியல் ஆசிரியர்